இலங்கைக்கு வரும்போது எந்த ஊர்களுக்குப் போவது? கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி

சென்னை, திருச்சி, லண்டன், டொராண்டோ என்று எங்கிருந்து வந்தாலும், முதல் தடவை இலங்கைக்கு வருபவர்கள் கொழும்பில் இருக்கும் எங்களுக்கு அனுப்பும் ஊர்ப் பட்டியல் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. கண்டி, நுவரெலியா, எல்ல, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம், காலி, கதிர்காமம். எத்தனை நாள் என்று கேட்டால் ஒரு வாரம் என்பார்கள்.

வரைபடத்தில் பார்க்கும்போது அது சாத்தியம் போலத்தான் தெரியும். வடக்கிலிருந்து தெற்குக்கு ஏறத்தாழ 430 கிலோமீட்டர், அகலம் 220 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் மலைநாட்டு வீதியில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனாலே நல்ல ஓட்டம். நாட்டின் நடுவே மலை இருப்பதால் பல ஊர்களுக்குக் குறுக்கே போக முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் எட்டு ஊர்களையும் ஒரு வாரத்துக்குள் அடக்கினால், பிள்ளைகளும் பெரியவர்களும் பகல் முழுக்க வாகனத்திலேயே இருப்பார்கள். கோயில் நடை சாத்திய பிறகு ஊர் போய்ச் சேர்வதும், விடியும் முன் பெட்டியைக் கட்டுவதுமாகவே வாரம் முடிந்துவிடும்.

இந்தப் பட்டியலிலிருந்து இம்முறை எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் முக்கியமான வேலை. அதைச் செய்ய ஓர் ஒழுங்கு இருக்கிறது.

முதலில் மாதம், பிறகுதான் ஊர்

இலங்கைக்கு எந்த மாதம் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. இரண்டு பருவக்காற்றுகள் இந்தத் தீவை மாறி மாறி நனைக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று கொழும்பு, காலி, இரத்தினபுரி, மலைநாட்டின் மேற்குச் சரிவு ஆகிய இடங்களில் மழையைக் கொட்டுகிறது. நடுவே நிற்கும் மலைகள் அந்த மழையைத் தடுத்துவிடுவதால், அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலையும் பாசிக்குடாவும் அறுகம்பையும் வெயிலோடு இருக்கும், கடலும் அடங்கியிருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகும். வடக்கிலும் கிழக்கிலும் மழை, தெற்கிலும் மேற்கிலும் நீலக் கடல்.

எனவே கோடை விடுமுறையில், அதாவது மே முதல் ஓகஸ்ட் வரையிலான மாதங்களில் வருபவர்கள் கடலுக்குக் கிழக்கே போங்கள். டிசம்பர் கடைசியில் வருபவர்கள் தெற்கே போங்கள். ஜூன் மாதத்தில் தெற்குக் கரையில் அறை மலிவாகக் கிடைக்கிறது என்று பதிவு செய்துவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த நேரத்தில் அங்கே கடலில் இறங்கவே கூடாது. அலை சாதாரணமாகத் தெரிந்தாலும் அடியில் இழுவை பலமாக இருக்கும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் கால் நனைக்கக்கூட வேண்டாம்.

ஒக்டோபரும் நவம்பரும் சிரமமான மாதங்கள். நாடு முழுக்கப் பிற்பகலில் இடி மழை பெய்யும். வங்கக் கடலில் தாழமுக்கமும் புயலும் உருவாகும் காலமும் இதுதான். மலைநாட்டில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வீதிகளை மூடுவார்கள். தேதி உங்கள் கையில் இருக்குமானால் இந்த இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். முழுத் தீவையும் ஓரளவுக்கு நல்ல வானிலையில் பார்க்க ஆசையா? பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை வாருங்கள். அதை விடச் சமநிலையான காலம் இங்கே கிடையாது.

நாட்களை அல்ல, இரவுகளை எண்ணுங்கள்

விமானம் இறங்கும் இடம் கொழும்பு அல்ல, கட்டுநாயக்க. அது நகரத்துக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் இருக்கிறது. அதிவேகப் பாதையில் வந்தால் நகர எல்லையை விரைவில் தொட்டுவிடலாம், ஆனால் அதன் பிறகு மாலை நெரிசலில் நகரின் தெற்குப் பகுதியான வெள்ளவத்தை வரை வருவதற்கே அதே அளவு நேரம் போய்விடும். இரவில் இறங்குபவர்கள் கொழும்புக்கு வராமல் பக்கத்திலேயே இருக்கும் நீர்கொழும்பில் தங்கிவிட்டு, காலையில் அங்கிருந்தே கண்டிக்கோ தம்புள்ளைக்கோ கிளம்புவது நல்லது. நகரத்துக்குள் நுழைந்து வெளியேறும் அலைச்சல் இல்லாமல் போகும்.

கைக்குழந்தையோ முதியவரோ கூட இருந்தால் ஓர் ஊருக்குக் குறைந்தது இரண்டு இரவு கொடுங்கள். அப்படிப் பார்த்தால் ஏழு இரவுகளுக்கு மூன்று ஊர், பத்து இரவுகளுக்கு நான்கு ஊர். இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாம் நாள் காலையில்தான் ஓர் ஊர் பிடிபடத் தொடங்கும், எந்தக் கடையில் இடியப்பம் நல்லது என்பதும் அப்போதுதான் தெரியும்.

கொழும்பைக் கடைசியில் வையுங்கள். திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் மலையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பது ஆபத்து. ஒரு மரம் விழுந்தாலும் ஒரு ரயில் நின்றாலும் விமானம் போய்விடும்.

பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேருங்கள்

இலங்கையை ஐந்து கொத்தாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு பயணத்தில் இரண்டு கொத்து, அதிகம் போனால் மூன்று.

மலைநாடு என்பது கண்டி, நுவரெலியா, எல்ல. கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். கண்டியை வெறும் தலதா மாளிகையாக, அதாவது புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலாக மட்டும் பார்க்காதீர்கள். அதன் எதிரே இருக்கும் ஏரியை 1807இல் வெட்டுவித்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்த கடைசிக் கண்டி மன்னர். 1815இல் பிரித்தானியர் அவரைப் பிடித்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அவர் அங்கேயே காலமானார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இந்த ஏரிக்கரை நடை தனி அனுபவமாக இருக்கும்.

நுவரெலியாவுக்கு ரயிலில் போகிறவர்கள் நானுஓயாவில் இறங்க வேண்டும். ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் நன்றாகக் குளிரும், கம்பளி கொண்டுவாருங்கள். சீதா எலியவில் இருக்கும் சீதையம்மன் கோயில் இங்கிருந்து பக்கம். இங்கும் ஹட்டனிலும் தமிழிலேயே எல்லாக் காரியமும் நடக்கும். தோட்டங்களில் வாழும் மக்களின் முன்னோர் முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய் வாசம் பிடித்துவிட்டுத் திரும்பும் பயணிகள், தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் வாழும் அந்த மக்களோடு நாலு வார்த்தை பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். கொழுந்து பறிப்பவரைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். தமிழில் கேட்டால் பேச்சு தானாக வளரும்.

எல்லவில் ஒன்பது வளைவுப் பாலமும் சின்ன மலையேற்றங்களும் இருக்கின்றன. நடக்கப் பிடிக்கும் இளவட்டங்களுக்கு ஏற்ற ஊர். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு வருபவர்கள் நுவரெலியாவோடு நிறுத்திக்கொள்ளலாம், எல்லவை விட்டால் பெரிய இழப்பில்லை.

இரண்டாவது கொத்து பழைய தலைநகரங்கள்: தம்புள்ளை, சிகிரியா, பொலன்னறுவை, அனுராதபுரம். இவற்றுக்கு நாலு இடத்தில் அறை எடுக்காதீர்கள். தம்புள்ளை, சிகிரியா, ஹபரணை ஆகிய மூன்றில் ஒன்றில் தங்கி மற்றவற்றுக்குப் போய் வரலாம். சிகிரியா ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் குன்றின் மேல் கட்டிய கோட்டை, சுமார் 1,200 படிகள். காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். ஏற முடியாதவர்களை அன்றைக்குப் பொலன்னறுவைக்கு அனுப்புங்கள். அங்கே சமதரை, இடிபாடுகளுக்குப் பக்கம் வரை வாகனம் போகும்.

அனுராதபுரமா பொலன்னறுவையா, ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் தயங்காமல் பொலன்னறுவை என்பேன். சோழர்கள் தீவை ஆண்ட காலத்தில் இதுதான் தலைநகரம். ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாம் சிவ தேவாலயம் என்று இப்போது பலகை வைத்திருக்கும் கோயில் அவர்கள் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம். தஞ்சாவூரைப் பார்த்த கண்ணுக்கு அந்தச் சிறிய கருங்கல் விமானம் உடனே பழகியதாகிவிடும். கல்விகாரையின் புத்தர் சிலைகளும் அதே ஊரில்தான். ஓகஸ்ட், செப்டம்பரில் வந்தால் பக்கத்து மின்னேரியாக் குளத்தில் நூற்றுக்கணக்கில் யானைகள் கூடுவதையும் பார்க்கலாம்.

மூன்றாவது கிழக்கு. ஹபரணையிலிருந்து திருகோணமலைக்கு இரண்டு மணி நேரம்தான் என்பதால் இரண்டாவது கொத்தும் இதுவும் இயல்பாகச் சேரும். சம்பந்தர் பாடிய கோணேசர் ஆலயம் கடலுக்கு மேல் செங்குத்தான பாறையில் நிற்கிறது. பழைய ஆலயத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தார்கள், இப்போதிருப்பது பின்னால் கட்டியது. மாலைப் பூசைக்குப் போங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவு எல்லாம் பக்கத்தில். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள பாசிக்குடாவை நினைத்துப் பாருங்கள். கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான், பருவம் சரியாக இருக்கும்போது குளம் போலக் கிடக்கும்.

தெற்கு எளிதானது. கொழும்பிலிருந்து காலிக்கு அதிவேகப் பாதையில் ஒன்றரை மணி நேரம் போலத்தான் ஆகும். காலிக் கோட்டையை மட்டும் பார்க்க விரும்புபவர்கள் ஒரே நாளில் போய் வரலாம். போகும்போது ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள், பாதி வழி கடல் கூடவே வரும். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்ப்பது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கதிர்காமம் தெற்கிலேயே இருந்தாலும் காலியிலிருந்து போவதை விட எல்லவிலிருந்து இறங்குவது வசதி, இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

வடக்கைத் தனியாக வையுங்கள்

யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களில் பலர், எல்லா ஊரையும் எழுதிவிட்டுக் கடைசியில் இதற்கு ஓர் இரவு ஒதுக்குகிறார்கள். கொழும்பிலிருந்து 400 கிலோமீட்டர். ரயிலானாலும் பஸ்ஸானாலும் ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்தால் அந்த ஓர் இரவில் நல்லூர் வாசலைத்தான் பார்க்கலாம். மூன்று இரவு கொடுக்க முடியுமானால் போங்கள். முடியாதென்றால் இம்முறை விட்டுவிட்டு, வடக்குக்கென்றே இன்னொரு தடவை வாருங்கள்.

மூன்று இரவில் என்ன செய்யலாம்? ஒரு நாள் நகரம்: காலையில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில், ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். பிறகு 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட பொது நூலகம், கோட்டை, சந்தை. இரண்டாம் நாள் தீவுகள்: பண்ணைப் பாலம் தாண்டி குறிகட்டுவான் போனால் நயினாதீவுக்குப் படகு இருக்கிறது, சிறிது நேரத்தில் நாகபூசணி அம்மன் கோயில் வாசலில் இறங்கலாம். நெடுந்தீவுக்கும் அங்கிருந்துதான் படகு, ஆனால் ஒரு மணி நேரம் போல எடுக்கும், காற்றுக் காலத்தில் ஆட்டம் கூடுதல். இரண்டு தீவையும் ஒரே நாளில் செய்யப் பார்க்காதீர்கள். மூன்றாம் நாள் கீரிமலை, நகுலேஸ்வரம், பருத்தித்துறைக் கரை. அவசரம் இல்லாமல் போனால் வழியில் பனங்காட்டு நிழலும் பழைய வீடுகளின் நாற்சார் முற்றமும் கண்ணில் படும்.

இன்னொரு வழியும் உண்டு. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கின்றன. வடக்கில் இறங்கி, அனுராதபுரம், சிகிரியா, கண்டி என்று தெற்கே இறங்கி வந்து, கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் ஒரு முழுப் பயண நாள் மிச்சம். வந்த வழியே திரும்பும் அலுப்பும் இல்லை. ஆனால் இந்தச் சேவைகள் காலநிலையாலும் வேறு காரணங்களாலும் இடையிடையே நின்றிருக்கின்றன. உங்கள் தேதிக்கு ஓடுகின்றனவா என்று உறுதி செய்த பிறகே மற்ற அறைகளைப் பதிவு செய்யுங்கள்.

மன்னாரும் திருக்கேதீஸ்வரமும் இந்தப் பயணத்தோடு சேரும், அதற்கு இன்னும் ஓர் இரவு வேண்டும்.

எதில் போவது?

ஊர்ப் பட்டியல் முடிவானதும் உடனே செய்ய வேண்டியது ரயில் டிக்கெட். முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன் திறக்கும். கண்டி முதல் எல்ல வரையான மலை ரயிலுக்கு இடங்கள் மிக வேகமாகத் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கவலைப்படாமல் பதிவில்லாத இரண்டாம் வகுப்பில், நானுஓயாவிலிருந்து எல்ல வரை மட்டும் போய்ப் பாருங்கள். மலைப்பாதை மழையால் சேதமாகி சில பகுதிகளில் ரயில் ஓடாமல் இருப்பதும் உண்டு. எந்தப் பகுதி ஓடுகிறது என்று கோட்டை நிலையத்தில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வெள்ளவத்தையிலிருந்தே இரவு சொகுசு பஸ்கள் கிளம்புகின்றன, விடியும்போது போய்ச் சேரும். காலி, மாத்தறைக்கு அதிவேகப் பாதை பஸ்கள் கொழும்புக்கு வெளியே இருக்கும் மாகும்புர நிலையத்திலிருந்து. ஐந்து பேருக்கு மேல் இருந்தால் சாரதியோடு வான் எடுப்பதே லாபம். பேசும்போதே சாரதியின் சாப்பாடு, தங்குமிடம், பாதைக் கட்டணம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையெல்லாம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள்

ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே போயா விடுமுறை. மதுக்கடை திறக்காது, ரயில்கள் நிரம்பும். ஏப்ரல் 13, 14 புத்தாண்டில் கொழும்பே ஊருக்குப் போய்விடும், கடைகள் பூட்டியிருக்கும். நுவரெலியாவில் மட்டும் அந்த மாதம் கூட்டம் அலைமோதும், அறை வாடகை ஏறும். ஆடி, ஆவணி மாதங்களில் கதிர்காமத் திருவிழா, கண்டிப் பெரஹரா என்னும் ஊர்வலம், 25 நாள் நல்லூர்த் திருவிழா எல்லாம் நெருக்கமாக வரும். ஒன்றைத் தேர்ந்து அதைச் சுற்றிப் பயணத்தை அமையுங்கள். நல்லூர்த் தேரைப் பார்க்க நினைப்பவர்கள் பல மாதங்களுக்கு முன்பே அறையைப் பிடித்துவிட வேண்டும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கு, கிழக்கு, மலைநாடு, கொழும்பு எங்கும் சிரமமில்லை. தெற்குக் கரையிலும் சிகிரியாப் பக்கமும் சோறு கறிக் கடைகளில் பருப்பும் மரக்கறியும் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் சம்பலிலும் கீரையிலும் மாசிக்கருவாடு சேர்ப்பது வழக்கம். உட்காரும் முன் கேட்டுவிடுங்கள்.

மூன்று மாதிரித் திட்டங்கள்

ஜூலையில் ஏழு இரவு: நீர்கொழும்பு ஒன்று, சிகிரியாப் பக்கம் இரண்டு, திருகோணமலை இரண்டு, கண்டி ஒன்று, கொழும்பு ஒன்று. இங்கே கண்டியும் கொழும்பும் ஓரிரவுதான், அவசரம் பிடிக்காதவர்கள் கண்டியை விட்டுக் கொழும்புக்கு இரண்டு கொடுங்கள். ஜனவரியில் எட்டு இரவு: கண்டி இரண்டு, நுவரெலியா இரண்டு, காலிக் கரை இரண்டு, கொழும்பு இரண்டு. பெப்ரவரி, மார்ச்சில் பத்து இரவு: யாழ்ப்பாணத்தில் இறங்கி மூன்று, சிகிரியா இரண்டு, கண்டி இரண்டு, நுவரெலியா ஒன்று, கொழும்பு இரண்டு. கையில் நாலு இரவுதான் என்றால் கொழும்பும் கண்டியும் மட்டும், மனம் அலைபாய வேண்டாம்.

கொழும்பில் அந்தக் கடைசி இரண்டு நாள்

சொந்த ஊர் என்பதால் சொல்லவில்லை, கொழும்பைக் கடைத்தெருவோடு முடித்துவிடுகிறார்கள் என்பதால் சொல்கிறேன். ஒரு காலை கொச்சிக்கடை, செட்டியார் தெருப் பக்கம் ஒதுக்குங்கள். கருங்கல்லில் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரம், செட்டியார் தெருவின் நகைக் கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள், எல்லா மதத்தவரும் மெழுகுதிரி ஏற்றும் புனித அந்தோனியார் தேவாலயம், புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பள்ளிவாசல் எல்லாம் ஒரே காலைப் பொழுதில் பார்த்து முடிக்கக்கூடிய தூரம்.

1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தில் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது, காலியில் 1911இல் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெற்குக் கரைக் கோயில் ஒன்றின் தெய்வமான தெனாவரை நாயனாருக்கும் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அந்தக் காலத்தில் இந்தத் தீவின் துறைமுகத்தில் தமிழ் எப்படிப் புழங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நான் கண்டதில்லை. அரை மணி நேரமாவது அதன் முன் நில்லுங்கள்.

மாலையில் காலிமுகத்திடலில் இறால் வடை. சாமான் வாங்க வேண்டியதெல்லாம் வெள்ளவத்தையில் முதல் நாளே முடித்துவிடுங்கள். திரும்பும் நாள் மாலை விமானம் என்றால் வெள்ளவத்தையிலிருந்து ஐந்து மணி நேரம் முன்பே கிளம்புங்கள், வேலை விடும் நேரத்தில் காலி வீதி நகராது. சாமான் குறைவாக இருந்தால் கோட்டையிலிருந்து 187 இலக்க பஸ்ஸும் கட்டுநாயக்கவுக்குப் போகிறது. அதிகாலை விமானமாக இருந்தால் கடைசி இரவையும் நீர்கொழும்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.